ஒரு கல்யாணம், இரண்டு ஃபோல்டர்

"போதுமான இடம் இல்லை" என்று மடிக்கணினி மூன்றாவது முறையாகச் சொன்னபோது மணி ஒன்பதே முக்கால். செல்வகுமாரிக்குத் தேர்வு இரண்டு மணிக்கு.

தேர்வுக்கு எங்கும் போக வேண்டியதில்லை. பாகூர் ஏரிக்கரைக்குப் பின்னால் இருக்கும் அவள் வீட்டின் நடு அறையில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே எழுதலாம். பதிவு செய்த பேச்சைக் கேட்டு, அதை அப்படியே எழுத்தாகத் தட்டச்சு செய்கிற வேலை அது. கிடைத்துவிட்டால் வேலையும் இதே நாற்காலியில்தான். ஆனால் தேர்வு நடத்தும் மென்பொருள், விண்டோஸின் புதிய பதிப்பு இருந்தால்தான் திறப்பேன் என்றது. புதிய பதிப்பை ஏற்ற இருபது ஜிபி இடம் வேண்டும் என்றது மடிக்கணினி. இருந்தது ஒன்றரை ஜிபி. இரண்டு மணிக்கு உள்ளே நுழையாதவர்கள் அடுத்த ஆறு மாதத்துக்கு விண்ணப்பிக்க முடியாது என்று மின்னஞ்சலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஆறு மாதத்தை அவள் விடியற்காலைப் பேருந்துகளாக எண்ணிப் பார்த்தாள். சேதராப்பட்டில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்குகிற கம்பெனியில் அவளுக்கு வேலை. கம்பெனிப் பேருந்து நாலே முக்காலுக்குப் பாகூர் கடைத்தெருவில் வந்து நிற்கும். அவள் கிளம்பும்போது யூகேஜி படிக்கும் மகள் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பாள். எழுந்ததும் அவள் முதலில் என்ன கேட்கிறாள், கனவு ஏதாவது சொல்கிறாளா என்பதெல்லாம் வாரத்தில் ஆறு நாள் மகளின் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அவன்தான் மகளைக் கிளப்பி வேனில் ஏற்றிவிட்டு, அரியாங்குப்பத்தில் இருக்கும் பைக் ஷோரூமுக்குப் போவான். வியாழக்கிழமை மட்டும் செல்வகுமாரிக்கு விடுமுறை. இன்று வியாழக்கிழமை. காலையில் மகள் கண்ணைத் திறந்து, "ஐ, அம்மா இருக்கு" என்றாள், ஏதோ ஊரிலிருந்து விருந்தாளி வந்திருப்பதுபோல.

திரையில் சேமிப்பிடத்தைக் காட்டும் பட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சிவப்பாக இருந்தது. ஐப்பசியில் ஏரி கரைதொட்டு நிற்கும்போது, இன்னும் ஒரு மழை பெய்தால் எங்கே போகும் இந்தத் தண்ணீர் என்று தோன்றுமே, அப்படி இருந்தது. அவள் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டாள். பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவள். இப்போது வில்லியனூர் ரயிலடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள்.

"இன்னாடி, காலைலயே?"

"இடம் இல்லன்னு சொல்லுதுடி."

"யாரு, உன் மாமியாரா?"

"வெளாடாதடி. லேப்டாப்பு. ரெண்டு மணிக்கு டெஸ்ட்டு, அப்டேட் ஏறல. படத்தையெல்லாம் அழிச்சிட்டேன், பாட்டையெல்லாம் அழிச்சிட்டேன். ஒரு பொட்டு கூட எறங்கல."

"ரீசைக்கிள் பின்ன காலி பண்ணியா?"

செல்வகுமாரி திரையின் மூலையில் இருந்த குப்பைத்தொட்டிப் படத்தைப் பார்த்தாள்; அது நிரம்பியிருந்தது.

"வாரின குப்பைய அப்படியே வூட்டு மூலைல குவிச்சி வெச்சிட்டு, வூடு சுத்தமாவலன்னு எனக்கு போன் பண்ற. காலி பண்ணு மொதல்ல."

காலி செய்தாள். ஒன்றரை, நாலானது. ஸ்டெல்லா சொன்னபடி அமைப்புகளுக்குள் போய்த் தற்காலிகக் கோப்புகளை அழித்தாள். ஐந்தரை ஆனது. பதிவிறக்கங்கள் என்ற இடத்தைத் திறந்தால், ஒரே ஆதார் அட்டை பதினேழு தடவை இறங்கியிருந்தது. தெருவில் யாருக்கு ஆதார் நகல் வேண்டுமென்றாலும் இங்கேதான் வருவார்கள். எல்லாவற்றையும் துடைத்த பிறகு ஏழு. இன்னும் பதின்மூன்று வேண்டும்.

"கிளவுட்ல போடலாமா?"

"ஓசில குடுக்குற இடத்த உன் பொண்ணு போட்டோவே ரொப்பியிருக்கும். எங்கிட்ட ஹார்டு டிஸ்க் ஒண்ணு இருக்குது. ஆனா இங்க எட்டு பேரு கிளாஸ்ல உக்காந்துனு இருக்காங்க, சாயங்காலத்துக்கு முன்னாடி வர முடியாது. எது பெருசா இருக்குன்னு பாரு. அளவு வாரியா அடுக்கு."

அடுக்கினாள். மேலே இரண்டு ஃபோல்டர்கள் வந்து நின்றன. ஒன்றின் பெயர் 'தங்கவேல் சித்தப்பா கல்யாணம்'. இன்னொன்றின் பெயர் 'செல்லப்பன் மாமா கல்யாணம்'. ஒவ்வொன்றும் முப்பத்தொரு ஜிபி. பெயர்களை அவள் வாசித்ததும் ஸ்டெல்லா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ரெண்டு பேருக்கும் இந்த வயசுலயா கல்யாணம்?"

"அவங்க பசங்க கல்யாணம்டி. ஒரே கல்யாணந்தான்."

அது இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. தங்கவேலின் தங்கை செங்கமலம். செங்கமலத்தின் கணவர் செல்லப்பன். எதிரெதிர் வீடு. செங்கமலத்தின் மகளைத் தங்கவேலின் மகன் தமிழ்க்குமரனுக்கே கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. முடிந்த அன்று சாயங்காலத்திலிருந்து தங்கவேலும் செல்லப்பனும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் பட்டம். மணப்பெண்ணின் நெற்றியில் தாய்மாமன்தான், தான் வாங்கி வந்த தங்கத் தகட்டுப் பட்டத்தைக் கட்ட வேண்டும். பெண்ணுக்குத் தாய்மாமன் தங்கவேல். மாப்பிள்ளைக்கு அப்பாவும் அவர்தான். பட்டம் கட்டும் நேரத்தில் அவர் மேடையில் காணோம் என்று பெரியப்பா வழியில் செங்கமலத்துக்கு அண்ணன் முறையாகும் ஒருவரைக் கூப்பிட்டு, கைவசம் இருந்த வேறொரு பட்டத்தைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். 'என்னைக் கூப்பிடவே இல்லை' என்பது தங்கவேலின் கட்சி. 'மூன்று முறை மைக்கில் கூப்பிட்டேன், சம்பந்தி ஆன திமிரில் வரவில்லை' என்பது செல்லப்பனின் கட்சி.

வீடியோக்காரர் இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு பெட்டியில் பென்டிரைவ் கொடுத்தார். சிவப்புப் பெட்டியின் மேல் மாப்பிள்ளை வீட்டார் படம், நீலப் பெட்டியின் மேல் பெண் வீட்டார் படம். தெருவில் மடிக்கணினி இருப்பது செல்வகுமாரி வீட்டில் மட்டும். முதலில் தங்கவேல் வந்தார். "இத உன் பொட்டில ஏத்தி வெச்சிக்கம்மா. சாட்சி இது. எதிர்வூட்டுக்குத் தெரிய வேணாம்." ஒரு வாரம் கழித்துச் செல்லப்பன் வந்தார். "பத்திரமா இருக்கட்டும். ஒருநாள் தேவைப்படும். எதிர்வூட்டுக்குத் தெரியக் கூடாது." அவள் இரண்டையும் ஏற்றி வைத்தாள். அதன் பிறகு தங்கவேல் தன் பென்டிரைவில் கும்மிப்பாட்டு ஏற்றி டிராக்டரில் மாட்டிக்கொண்டார். செல்லப்பனுடையது சட்டைப் பையோடு துவைக்கப்பட்டுவிட்டது. வீடியோக்காரர் ஒரு வருடத்துக்கு மேல் எதையும் வைத்திருப்பதில்லை.

"உள்ள எத்தன ஃபைல் இருக்கு, அளவு இன்னா, பாத்துச் சொல்லு" என்றாள் ஸ்டெல்லா.

செல்வகுமாரி இரண்டையும் அருகருகே திறந்தாள். இதில் ஒன்பது, அதிலும் ஒன்பது. அதே பெயர்கள், அதே தேதி. அளவும் கடைசி இலக்கம் வரை ஒன்றுதான்.

"ரெண்டும் ஒண்ணு. பெட்டி மட்டுந்தான் வேற. ஒண்ண அழிச்சிட்டுப் பேசாம உன் வேலைய பாரு. யாருக்குத் தெரியப் போவுது?"

தெரியும். தங்கவேல் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார். "இருக்குதாம்மா?" என்பார். அவள் ஃபோல்டரின் பெயரைக் காட்டுவாள். அவர் அதைத் திறக்கக்கூடச் சொல்லமாட்டார். பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தவர்போல நிம்மதியாகப் போய்விடுவார். அவர் பெயரில் ஒன்று இல்லையென்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். செல்லப்பன் பெயரில் இல்லையென்றாலும் அதேதான். அழித்தது எதுவோ, அந்த வீட்டின் சாட்சியைக் கலைத்தவள் என்ற பேச்சு தெருவில் அவள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

மணி பத்து இருபது. அவள் துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு தங்கவேல் வீட்டுக்கு நடந்தாள்.

தங்கவேல் டிராக்டரின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். "அப்ப எதிர்வூட்டுக்காரனோடத அழிச்சிடு. இதுல யோசிக்க இன்னா இருக்கு?"

"அவரும் குடுத்து வெச்சது சித்தப்பா. ரெண்டும் ஒரே வீடியோதான்."

"எப்படிம்மா ஒண்ணா இருக்கும்? அவன் வீடியோகாரன் கிட்ட சொல்லி, தனக்கு வேணாங்கறத வெட்டி எடுத்திருப்பான்."

அவள் தெருவைக் கடந்தாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் செல்லப்பன் காலைச் சவாரியை முடித்துவிட்டு வந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்.

"தாராளமா அழிச்சிக்கம்மா" என்றார். "அவருத அழி."

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா. அளவு கூட ஒண்ணு."

"அளவு ஒண்ணா இருந்தா ஆச்சா? உள்ள வெட்டி ஒட்டியிருப்பாரு. பெரிய மனுசன் ஆச்சே."

அடுக்களையிலிருந்து செங்கமலம் எட்டிப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு எதுக்குக் கேக்குதுன்னு கேட்டீங்களா மொதல்ல?"

செல்வகுமாரி மூன்று வரியில் சொன்னாள்: தேர்வு, இரண்டு மணி, ஆறு மாதம். செங்கமலம் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவளும் ஒரு காலத்தில் அதே சேதராப்பட்டுப் பேருந்தில் போனவள்; முழங்கால் வலி வந்துதான் நின்றாள்.

"மாமா, நீங்களே வந்து பாத்துட்டுச் சொல்லுங்க. நாப்பது நிமிசம் போனாலும் பரவால்ல" என்றாள் செல்வகுமாரி. திரும்பிப் போகும் வழியில் டிராக்டர் பக்கம் நின்று அதையே தங்கவேலிடமும் சொன்னாள். மற்றவரும் வருவார் என்பதை இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.

முதலில் தங்கவேல் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு செல்லப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு காலை வைத்தார். வைத்த காலை எடுக்கப் பார்த்தார். பின்னால் செங்கமலம் நின்றதால் எடுக்க முடியவில்லை.

"ஆள் இருக்காங்கன்னு சொல்லவே இல்லியேம்மா" என்றார் செல்லப்பன், செல்வகுமாரியைப் பார்த்து.

"புடிக்காதவங்க போவலாம்னு சொல்லும்மா" என்றார் தங்கவேல், அவரும் செல்வகுமாரியைப் பார்த்து.

"எனக்கு ரெண்டு மணிக்கு டெஸ்ட்டு" என்றாள் செல்வகுமாரி, திரையைப் பார்த்து.

பட்டம் கட்டும் இடம் நாலாவது கோப்பில், நாற்பத்தேழாவது நிமிடத்தில் இருந்தது. செல்லப்பன் ஃபோல்டரில் இருந்ததை இடதுபுறமும் தங்கவேல் ஃபோல்டரில் இருந்ததை வலதுபுறமும் திறந்து வைத்து, இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்தினாள். இடப்பக்கம் ஒரு மணப்பெண், வலப்பக்கம் ஒரு மணப்பெண். இருவரும் ஒரே நேரத்தில் தலைகுனிந்தார்கள். ஒரே ஈ இரண்டு மாலைகளிலும் உட்கார்ந்து பறந்தது. வெட்டப்படவில்லை, ஒட்டப்படவில்லை. செங்கமலம் "அட" என்றாள்.

ஆனால் ஆண்கள் இருவரும் ஈயைப் பார்க்கவில்லை.

"பாரு, கூப்பிடறேன் பாரு!" செல்லப்பன் எழுந்துவிட்டார். திரையில் அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார். கேட்டது பேண்டு சத்தம் மட்டும். டிரம்மும் டிரம்பெட்டும் மண்டபத்தையே தூக்கிக்கொண்டு போயின.

"வாயத்தான் தொறக்கறாரு. கொட்டாவி விடறாரோ என்னமோ, யாருக்குத் தெரியும்? கேளும்மா."

"கொட்டாவியாம்! இவரு அப்ப எங்க இருந்தாருன்னு கேளு. பந்தில மொத வரிசைல இருந்திருப்பாரு."

"நான் மேடைலதான் நின்னேன்" என்றார் தங்கவேல். குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "கூப்பிடுவாங்கன்னு நின்னேன்."

மேடையில் அவர் இல்லை. ஐயர் இருந்தார், பெண் இருந்தாள், உறவுக்காரப் பெண்கள் இருந்தார்கள், இடது ஓரத்தில் வெள்ளைக் குடை மாட்டிய பெரிய விளக்குத் தாங்கி ஒன்று இருந்தது. செல்வகுமாரி மெதுவாக ஒவ்வொரு நொடியாக நகர்த்தினாள். குடைக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. ஒரு முழங்கை. பிறகு ஒரு மணிக்கட்டு. அந்தக் கையில் மஞ்சள் காகிதத்தில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம்.

செங்கமலம் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். "அண்ணா, இது உன் வாட்ச்சு."

திரையில் அந்தக் கை பொட்டலத்தை மறுகைக்கு மாற்றியது. வேட்டியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாங்கிக்கொண்டது. நாலைந்து அடி தள்ளி, குடைக்கு இந்தப் பக்கம், செல்லப்பன் எல்லாத் திசையிலும் திரும்பிப் பார்த்து வாயை அசைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குடை நின்ற திசையை மட்டும் அவர் ஒரு தடவையும் பார்க்கவில்லை.

செல்வகுமாரிக்கு வேறொன்று தோன்றியது. தேர்வுக்காக இரவல் வாங்கி வைத்திருந்த தடித்த ஹெட்ஃபோனை எடுத்து மாட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். டிரம் அடிக்கும்போது ஒன்றும் இல்லை. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில், கதவிடுக்கு போன்ற ஒரு சந்தில், ஒரு குரல் இருந்தது. பின்னால் இழுத்து மறுபடி கேட்டாள். இன்னொரு முறை. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டால் பேண்டு தானாக விலகிப் போவதுபோல இருந்தது.

"'மச்சான எங்க காணோம்?'" என்று அவள் மெல்லச் சொன்னாள். "அப்புறம், 'தங்கவேலு மச்சான்.' அப்புறம் மறுபடி, 'மச்சான், வாங்க.' அப்புறம் மைக்கத் தட்டறாரு. மைக் வேலை செய்யல மாமா. உங்க சத்தம் கேமராவுக்கு மட்டுந்தான் கேட்டிருக்கு."

தங்கவேல் கையை நீட்டினார். தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். காதை அடைத்தவர்கள் பேசுவதுபோலத் தெரு முழுக்கக் கேட்கும்படி, "பேண்டு சத்தந்தான் கேக்குது!" என்று கத்தினார். செல்வகுமாரி ஒரு விரலைத் தூக்கி, டிரம்மோடு சேர்த்துத் தாளம் போட்டு, எந்த இடத்தில் கேட்க வேண்டும் என்று காட்டினாள். இரண்டாவது தடவை அவர் கத்தவில்லை. மூன்றாவது தடவை ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதன் பஞ்சைத் தடவினார்.

"மூணு தடவதான்" என்றார்.

செல்லப்பன் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் பொட்டலம் அங்கே அசையாமல் நின்றது.

"அந்தப் பட்டத்த இன்னா பண்ண மச்சான்?"

இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவர் மச்சானையே நேராகக் கேட்ட கேள்வி. தங்கவேல் தரையைப் பார்த்தபடி, "பீரோல இருக்குது" என்றார்.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து மைக் செட்டுக்காரனைத் திட்டத் தொடங்கினார்கள். அவன் அப்பன் காலத்திலிருந்தே இப்படித்தான் என்றார் ஒருவர். தேர்தல் கூட்டத்திலும் மைக் அணைந்தது என்றார் இன்னொருவர். அந்த விளக்குக் குடைக்காரனுக்கும் அதில் பங்கு விழுந்தது. இவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் ஒருவரைத் திட்டிச் செல்வகுமாரி கேட்டதில்லை. சுவர்க் கடிகாரம் பதினொன்று இருபதைக் காட்டியது.

"சித்தப்பா, மாமா, இப்ப ஒண்ண அழிக்கணும்."

"என்னோடத அழிச்சிடும்மா" என்றார் தங்கவேல்.

"அதெப்படி? என்னோடத அழி. மச்சானோடது இருக்கட்டும்."

"நான் சொல்லும்போது நீ எதுக்குக் குறுக்க வர? பொண்ணக் குடுத்தவன் வூட்டுது இருக்கணும்."

"பையனப் பெத்தவங்களுது இல்லாம எப்படி இருக்கும்? நாளைக்கு நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

செல்வகுமாரி ஒரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து டிலீட்டை அழுத்தினாள். திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்தது. இது ரீசைக்கிள் பின்னுக்குப் பெரியது, நிரந்தரமாக அழித்துவிடவா என்று கேட்டது. அவள் விரல் நின்றுவிட்டது. ஒரே மாதிரி இருக்கின்றன என்று கண்ணால் பார்த்த பிறகும், நிரந்தரம் என்ற சொல் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பின்னால் இரண்டு பேரும் யார் விட்டுக்கொடுப்பது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய சண்டையைவிட இது பெரிதாகிவிடும்போல இருந்தது.

"எந்தப் பொத்தான்?" என்று செங்கமலம் கேட்டாள்.

"இது அத்த."

செங்கமலம் அடுப்பைப் பற்ற வைப்பதுபோல ஒரு விரலால் அழுத்திவிட்டாள்.

முப்பத்தொரு ஜிபி ஒரு நொடியில் போனது. சிவப்பு மறைந்து பட்டை நீலமாயிற்று. அதன் வலது பக்கத்தில் வெள்ளையாக, நீளமாக, காலி இடம் தெரிந்தது. மதகு திறந்து, மறுநாள் காலையில் கரையின் ஈரமான கல்வரிசை வெளியே தெரிவதுபோல இருந்தது.

"யாரோடது போச்சு?" என்றார் தங்கவேல்.

செல்வகுமாரி அதற்குள் மீதமிருந்த ஃபோல்டரின் பெயரை மாற்றியிருந்தாள். 'தமிழ்க்குமரன் கல்யாணம்' என்று தட்டியவள், செங்கமலத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, அழித்து, 'நம்ம தெரு கல்யாணம்' என்று வைத்தாள். "தெரியல சித்தப்பா" என்றாள். தெரியும். சொல்லவில்லை.

புதிய பதிப்பு பதினொன்றரைக்கு இறங்க ஆரம்பித்தது. தெருவுக்கு ஃபைபர் வந்து ஒரு வருடம் ஆகிறது. அதற்கு அன்றுதான் அவள் மனதாரக் கும்பிடு போட்டாள். பன்னிரண்டேகாலுக்கு இறங்கி முடிந்து, ஏற ஆரம்பித்தது. பன்னிரண்டே முக்காலுக்கு மடிக்கணினி தானாக அணைந்து, கறுப்பாகி, ஒரு வெள்ளை வட்டத்தைச் சுழற்றிக்கொண்டு எழுந்தது. பத்து சதவீதம். முப்பது. அறுபத்துநாலு.

அறுபத்துநாலில் நின்றுவிட்டது.

ஒன்று ஐந்துக்கு அறுபத்துநாலு. ஒன்று பதினைந்துக்கும் அறுபத்துநாலு. அவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்து, சாப்பிடாமல் மூடி வைத்தாள். மின்சாரம் போய்விட்டால் என்ற நினைப்பு வந்ததும் மின்விசிறியை நிறுத்தினாள், அதனால் என்ன பயன் என்று தெரியாமலே. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டாள்.

"கைய வெச்சிடாத" என்றாள் ஸ்டெல்லா. "அணைச்சிடாத. அது உள்ள வேலை செஞ்சினுதான் இருக்கும். எங்க சென்டர்ல ஒண்ணு முக்கா மணி நேரம் ஒரே நம்பர்ல நின்னுச்சி."

"முக்கா மணி நேரம் எங்கிட்ட இல்லடி."

"எங்கிட்டயும் இல்ல. இரு, போன வைக்காத."

செல்வகுமாரி போனைக் காதிலேயே வைத்திருந்தாள். தொலைபேசியில் வில்லியனூர் ரயில்வே கேட்டின் மணி கேட்டது, பிறகு ஒரு ரயில் மிக மெதுவாகக் கடந்துபோவது கேட்டது. செல்வகுமாரி அதன் பெட்டிகளை எண்ணினாள். தண்டவாளத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சத்தம். கடைசிப் பெட்டி போன பிறகும் ஒரு அதிர்வு கொஞ்ச நேரம் மிச்சமிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது திரையில் எழுபத்தொன்று.

"நகருதுடி!"

"நான் சொல்லல?" என்றாள் ஸ்டெல்லா. அவள் குரலும் நடுங்கியதைச் செல்வகுமாரி கேட்டாள். அவள் காதுக்கு அதெல்லாம் தப்பாது.

ஒன்று முப்பத்தாறுக்கு முகப்பு வந்தது. ஒன்று நாற்பத்துநாலுக்குத் தேர்வு மென்பொருளைத் திறந்தாள். அது கேமராவைப் பார்த்தது, மைக்கைப் பார்த்தது, இணையத்தைப் பார்த்தது, பதிப்பைப் பார்த்தது. நாலு பச்சை டிக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தன. அவள் நாற்காலியில் சாய்ந்து, மின்விசிறியைப் போட்டு, மூடி வைத்த சோற்றை ஆறு வாயில் தின்றாள். இவ்வளவு ருசியான ஆறிய சாம்பாரை அவள் தின்றதில்லை.

தேர்வில் எட்டு ஒலித்துண்டுகள். முதல் ஐந்து சுலபம். ஆறாவதில் ஒரு பெண் கடைத்தெருவில் நின்று வண்டிச் சத்தத்துக்கு நடுவில் பேசினாள். ஏழாவதில் மழை. எட்டாவதில் யாரோ ஒருவர் கோயில் திருவிழாவில் நின்று மேளத்துக்கு நடுவில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். செல்வகுமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அந்தச் சந்து அங்கேயும் இருந்தது. உள்ளே போய் அந்த மனிதரின் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு வெளியே வந்தாள்.

மூன்று மணி எட்டு நிமிடத்துக்கு முடிவு திரையிலேயே வந்தது. தேர்ச்சி. நூற்றுக்குத் தொண்ணூற்றுமூன்று. அடுத்த மாதம் முதல் தேதி பயிற்சி. அவள் அதை மூன்று முறை வாசித்தாள், பிறகு சத்தமாக ஒரு முறை வாசித்தாள். கம்பெனியில் வேலையை விடுவதாக முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதுவரை நாலே முக்கால் பேருந்து இருக்கத்தான் செய்யும். பரவாயில்லை. எண்ணி முடிக்கக்கூடிய பேருந்துகள் அவை.

வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. செல்லப்பன் ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கினார். பின்னாலிருந்து தங்கவேல் இறங்கினார். தங்கவேலின் கையில் கடைக் கவர்.

"பாஸாம்மா?" என்று தெருவிலிருந்தே கேட்டார் செல்லப்பன்.

"பாஸ் மாமா!"

"பாத்தியா மச்சான், சொன்னேன்ல" என்றார் செல்லப்பன். அவர் எப்போது என்ன சொன்னார் என்று தங்கவேல் கேட்கவில்லை. கவரைத் திறந்து உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்தார். ஹார்டு டிஸ்க்.

"வில்லியனூர் வரைக்கும் போயி உன் சிநேகிதிப் பொண்ணு கிட்டயே கேட்டு வாங்கியாந்தோம். இதுல போட்டுக் குடு. உன் பொட்டிய இனிமே நாங்க அடைக்க மாட்டோம்."

"ஒண்ணு போதுமா சித்தப்பா? ரெண்டு வீட்டுக்கும் ஆளுக்கு ஒண்ணு வாங்கியிருக்கலாமே?"

"எதுக்கு?" என்றார் தங்கவேல். "கல்யாணம் ஒண்ணுதானே."

"யார் வூட்ல வெக்கறதுன்னுதான் வழி நெடுக சண்ட" என்று செல்லப்பன் சிரித்தார்.

செல்வகுமாரி டிஸ்கைச் செருகி, ஃபோல்டரை இழுத்துப் போட்டாள். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. மீதமுள்ள நேரம் பதினொரு நிமிடம் என்றது. தெருமுனையில் பள்ளி வேனின் ஹாரன் கேட்டது. அவள் எழுந்து, அந்தப் பெட்டியை இரண்டு பேரின் காவலில் விட்டுவிட்டு, செருப்புப் போடாமலே வாசலுக்கு ஓடினாள்.